ஊசி இல்லாமல் நூல் நுனியை மறைப்பது ஏமாற்று வேலையா?

தலைப்பைப் பார்த்துவிட்டு "நமக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று ஓடிவிடாதீங்க மக்களே. கைவேலை பற்றிய பதிவுதான், ஆனால் இதில் ஒரு வழக்கும் இருக்கிறது. டாட்டிங் லேஸ் போடுகிறவர்களில் ஒரு சாரார் சொல்வது இது: மிஞ்சி நிற்கும் நூல் நுனியை ஊசியில் கோத்து, முடிச்சுகளுக்குள் தைத்து மறைத்தால்தான் ஒழுங்கான வேலை, மற்றதெல்லாம் சோம்பேறிகளின் வழி. நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில், தெரியாதவர்களுக்காக. ஷட்டில் என்று படகு வடிவத்தில் ஒரு சின்னக் கருவி. அதில் நூலைச் சுற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றொரு கை விரல்களில் மாட்டிய நூலோடு சேர்த்து முடிச்சுகளாகப் போட்டுக்கொண்டே போவதுதான் டாட்டிங். இரண்டு அரை முடிச்சு சேர்ந்தால் ஒரு முழு முடிச்சு. அந்த முடிச்சுகளால் வளையங்கள், வளைவுகள். அவை சேர்ந்து பூ, கைக்குட்டை ஓரம், புக்மார்க் என்று என்னென்னவோ ஆகும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஃப்ரிவொலிதே'. அற்ப விளையாட்டு என்பது போல ஒரு அர்த்தம். ஒரு பூ போட்டு முடிப்பதற்குள் கழுத்து வலிக்கிற வேலைக்கு இப்படி ஒரு பெயர் :)

இப்போது விஷயத்துக்கு வருவோம். பந்து நூலையும் ஷட்டில் நூலையும் தனித்தனியாக எடுத்து ஒரு பூ ஆரம்பித்தால், ஆரம்பத்தில் 2 நுனி, முடிவில் 2 நுனி. 20 பூ சேர்த்து ஒரு மேசை விரிப்பு செய்தால் 80 நுனி! ஒவ்வொன்றையும் மெல்லிய ஊசியில் கோத்து, இறுகிப்போன முடிச்சுகளுக்குள் நுழைத்து, இழுத்து, வெட்டி... டாட்டிங் கற்றுக்கொள்ள வருகிற பலருக்கு ஆசை விட்டுப்போவது இந்த இடத்தில்தான். பாதியில் நின்ற பூக்கள் டப்பாவில் தூங்குகின்றன. அதனால் இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை.

டாட்டிங் முடிச்சின் அமைப்பைக் கவனித்தால் ஊசிக்கு வேலையே குறைவு என்பது புரியும். முடிச்சாகச் சுற்றிக்கொள்வது விரலில் இருக்கும் நூல். ஷட்டில் நூல் அதற்குள் நேராக ஓடுகிறது. அதனால்தான் ஷட்டிலை இழுத்தால் வளையம் மூடிக்கொள்கிறது. அந்த நடு நூலோடு இன்னொரு நூலையும் படுக்க வைத்துவிட்டால், முடிச்சுகள் அதையும் சேர்த்தே சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஊசியால் பிறகு செய்யப்போவதை முடிச்சு இப்போதே செய்துவிடுகிறது.

இதை வைத்து மூன்று வழிகள்.

ஒன்று, நுனியே வராமல் பார்த்துக்கொள்வது. பந்திலிருந்து நூலை வெட்டாமல் தேவையான அளவு ஷட்டிலில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தால், ஆரம்ப நுனி இரண்டும் கிடையாது. 80 என்பது 40 ஆகிவிட்டது.

இரண்டு, நடுவில் நூல் தீர்ந்து புது நூல் சேர்க்கும்போது, அதன் நுனியை நடு நூலோடு சேர்த்து வைத்து முதல் நாலைந்து முடிச்சுகளை அதன் மேலேயே போட்டுவிடுவது. வளையமாக இருந்தால் அதை மூடிய பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மெல்லிய, உறுதியான தையல் நூல் ஒரு சாண் எடுத்து இரண்டாக மடியுங்கள். கடைசி ஐந்தாறு முடிச்சுகள் போடும்போது இதை நடு நூலோடு படுக்க வையுங்கள். மடிப்பு, வேலை முடியும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; இரண்டு முனைகள் பின்பக்கம். எல்லாம் முடிந்து நுனிகளை முடிச்சிட்ட பிறகு, ஒரு நுனியை அந்த மடிப்புக்குள் விட்டு, பின்பக்க முனைகளைச் சேர்த்து இழுங்கள். நுனி முடிச்சுகளுக்குள் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். ஒட்ட வெட்டிவிடலாம். இன்னொரு நுனிக்கு, பூவை ஆரம்பிக்கும்போதே முதல் முடிச்சுகளுக்குள் இதே மாதிரி ஒரு மடிப்பை, ஆரம்பப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி, விட்டு வைக்க வேண்டும். இரண்டு நுனியையும் ஒரே இடத்தில் திணித்தால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும்.

"இதெல்லாம் குறுக்கு வழி" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 19ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் டாட்டிங்கில் வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, பிறகு ஊசி நூலால் இணைப்பது வழக்கமாக இருந்தது. 1850களில்தான், வேலை நடக்கும்போதே ஒரு வளையத்தின் சின்னக் கண்ணி வழியாக நூலை இழுத்து அடுத்ததோடு சேர்க்கும் முறை இங்கிலாந்துப் புத்தகங்களில் பரவியது. இன்று டாட்டிங் போடும் எல்லோரும் அப்படித்தான் இணைக்கிறார்கள். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே! ஊசியிடமிருந்து ஒரு வேலையை வாங்கி ஷட்டிலிடம் கொடுத்ததால்தான் இந்தக் கலை இவ்வளவு வளர்ந்தது. நுனி விஷயம் அதன் அடுத்த படி, அவ்வளவுதான்.

அதே சமயம், ஊசி வேண்டாம் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளும் கட்சியிலும் நான் இல்லை. முடிச்சு மேல் ஒரு சொட்டு பசையோ நெயில் பாலிஷோ வைத்து ஒட்ட வெட்டுவதை நிறைய பேர் செய்கிறார்கள். அந்த இடம் விறைத்துப்போய் தோலில் குத்தும். மென்மைதான் லேஸின் அழகு, அதையே கெடுத்துக்கொண்டு என்ன சுத்தம்? பருத்தி நூல் கொஞ்சம் சொரசொரப்பு உள்ளது, முடிச்சுக்குள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பட்டு, பாலியஸ்டர் போன்ற வழுக்கும் நூலில் இந்த நம்பிக்கை எனக்கு இல்லை. அடிக்கடி துவைக்கும் துணியின் ஓரத்தில் அப்படிப்பட்ட நூல் போட்டால், தாராளமாக ஊசியை எடுத்து இரண்டு தையல் போடுங்கள். மடிப்பு நூல் வைக்க மறந்துபோனாலும் ஊசிதான் கதி.

ஊசிக்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தைத்து மறைப்பவர் நுனியைப் பற்றி யோசிப்பது வேலை முடிந்த பிறகு. மடிப்பு நூல் வைப்பவரோ முதல் முடிச்சு போடும்போதே, இது எங்கே முடியும், நுனி எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது?

மதிப்பெண் போட வேண்டுமானால் இப்படிப் போடுங்கள். லேஸைத் துவைத்து, காயவைத்து, திருப்பிப் பாருங்கள். நுனி தெரிகிறதா? முடிச்சு அவிழ்ந்ததா? இரண்டும் இல்லையென்றால், ஊசி எடுத்தாரா எடுக்கவில்லையா என்று கேட்பதில் என்ன இருக்கிறது?