ஒரு மணி பத்து நிமிடம்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். பீளமேடு விமான நிலையத்துக்கு ஆட்டோவில் கால் மணி நேரம் போதும். "உங்களுக்கென்ன சார், நினைத்தால் ஊருக்குப் பறந்துவிடலாம்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூமத்திய ரேகையிலிருந்து வடதுருவம் வரையுள்ள தூரத்தைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்குக்கு மீட்டர் என்று பெயர் வைத்த கதையை எங்கள் வாத்தியார் கரும்பலகையில் உருண்டை வரைந்து சொல்லித் தருவார். அப்படியானால் அட்சரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. அந்தக் கணக்கில் கோவைக்கும் சென்னைக்கும் ஆகாய வழி சுமார் 400 கி.மீ. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ. போகும். அரை மணிதான் ஆக வேண்டும். டிக்கெட்டில் இருப்பதோ ஒரு மணி பத்து நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். நம் வீட்டு வாசலிலிருந்து ஆகும் நேரம் மட்டும் அதில் சேராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு, புதுச்சேரியில் அக்கா தவறிவிட்டதாகப் போன் வந்தது. மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். "கார் புடிச்சுப் போயிடலாம்ங்க" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. கோவையிலிருந்து நேர் விமானம் கிடையாது. சென்னை போய், அங்கிருந்து தெற்கே 150 கி.மீ. காரில் போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி என்று தெரிந்தும் ஒன்பதே முக்கால் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அது பத்தரைக்குத்தான் கிளம்பியது. சென்னை நிலையத்தை விட்டு வெளியே வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்குக் காரில் கிளம்பியிருந்தால் ஒரு மணிக்கு அக்கா முகத்தைப் பார்த்திருப்பேன்.

விமானத்தின் மேல் எனக்குப் பகையில்லை. பாரிசுக்குப் போக வேறு வழி ஏது? ஆனால் 500 கி.மீ.க்குள் என்றால் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய சில ஊர்களுக்கு 2023 முதல் பிரான்சில் உள்நாட்டு விமானமே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே சுற்றுச்சூழல் காரணம். நமக்குத் தடை வேண்டாம். வேகமான ரயில்கள் வேண்டும். அதே 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத், கோவையிலிருந்து சென்னைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போகிறது. அதுபோல ஒன்று தினமும் புதுச்சேரிக்கும் ஓடினால் என்னைப் போன்ற கிழவர்களுக்குப் பெரிய உதவி.

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாளே காரில் போனோம். ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் ஒரு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். வழி முழுக்க மனைவி ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.