மாற்றிக் கொடுத்ததும் பழுதானால்?

"ஒரு முறை மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. இன்னும் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகளிலும் சர்வீஸ் சென்டர்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மாற்றிக் கொடுத்த பொருளும் பழுதாயிருந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் அங்கே நேரான பதில் கிடைப்பதில்லை.

சித்தூர், நகரி, புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி வட்டாரத்துத் தமிழர்களில் பலர் கம்ப்யூட்டரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்குகிறார்கள். விலை சற்றுக் குறைவு என்பது ஒரு காரணம். ஊருக்குப் போகும்போது கையோடு வாங்கி வந்துவிடலாம் என்பது இன்னொன்று. பிள்ளையின் படிப்புக்காகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்குபவர்களும் உண்டு, டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவர் வாங்கிய மானிட்டரில் மூன்றாம் மாதமே கோடு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரண்டி இருப்பதால் வேறொன்று தருகிறார்கள். அது பத்து நாளில் மினுமினுக்கத் தொடங்குகிறது. திரும்பக் கொண்டுபோனால் "செக் பண்ணினோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்று அதையே கொடுத்தனுப்புகிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி அல்லது ஒரு நாள் லீவு போகிறது. நாலாவது நடையில் மனிதர் அலுத்துப்போகிறார். அந்த அலுப்பே எதிர்த்தரப்புக்கு லாபம்.

வாரண்டி அட்டையின் பொடி எழுத்தை வாங்கும்போது யாரும் படிப்பதில்லை. மாற்றித் தரும் பொருள் புதியதாகவும் இருக்கலாம், பழுது நீக்கிப் புதுப்பித்ததாகவும் இருக்கலாம் என்று பல கம்பெனிகள் அதில் எழுதியிருக்கின்றன. ஒருவர் வீட்டில் கெட்டுப்போனது பழுது பார்க்கப்பட்டு இன்னொருவர் வீட்டுக்கு வரலாம் என்பதே இதன் பொருள். திரையில் ஒன்றிரண்டு புள்ளிகள் செத்துப்போயிருந்தால் அது பழுதே அல்ல என்றும் சொல்வார்கள். இதற்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. 2001ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரவிதியின் இரண்டாம் வகுப்புப்படி, 10 லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் இருண்ட புள்ளி 2 வரை இருக்கலாம். 2008ல் அதன் இடத்தில் வேறு தரவிதி வந்துவிட்டது. இன்றைய சாதாரண மானிட்டர் ஒன்றில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உள்ளன. ஆகவே எத்தனை புள்ளி வரை கம்பெனி பொறுப்பேற்காது என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கம்பெனியின் அட்டை இப்படியிருக்க, சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. இதன் 39வது பிரிவின்படி, பொருளில் குறை இருப்பது உறுதியானால் அதை நீக்கித் தரவோ, குறையில்லாத புதிய பொருளை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ மாவட்ட ஆணையம் உத்தரவிடலாம், நஷ்டஈடும் விதிக்கலாம். 'புதிய பொருள்', 'குறையில்லாத பொருள்' என்ற இரண்டையும் சட்டமே சொல்கிறது. பழுதுக்குப் பதில் பழுதைக் கொடுப்பது மாற்றிக் கொடுத்ததாகாது.

வெளிமாநிலத்தில் பிழைப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. 1986ம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். சென்னையில் வாங்கியவர் பெரும்பாலும் சென்னைக்கே அலைய வேண்டியிருந்தது. புதிய சட்டமோ, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலும், வேலை பார்த்துச் சம்பாதிக்கும் இடத்திலும் புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய மானிட்டருக்குச் சித்தூரிலோ திருப்பதியிலோ உள்ள ஆணையத்தில் நியாயம் கேட்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 'வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோர் அல்ல' என்று மிரட்டினாலும் பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவரை நுகர்வோராகவே சட்டம் கருதுகிறது.

சட்டம் துணைக்கு வர வேண்டுமானால் கையில் காகிதம் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்குவதை முதலில் விட வேண்டும். பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று இச்சட்டம் சொல்கிறது. மாற்றித் தந்த மானிட்டரின் சீரியல் நம்பரைக் குறித்து, அதற்கு எந்தத் தேதி வரை வாரண்டி என்று எழுதி வாங்க வேண்டும். பழுதைச் செல்போனில் படம் பிடித்து வைக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரிலும் வேறொரு கேபிளிலும் இணைத்துப் பார்த்தால், கோளாறு மானிட்டரில்தானா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் நகல் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது, தேதி போட்ட காகிதம் நிற்கும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் ஆணையம் இருக்கிறது.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கீழே போட்டு உடைத்துவிட்டு வாரண்டி கேட்பவர்களும் இருக்கிறார்கள். சின்னக் கடைக்காரரைக் கம்பெனியே இழுத்தடிப்பதும் உண்டு. ஒரு பாகம் கெட்டதற்காக முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்ற கருத்தில் 2006ல் மாருதி கார் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. ஆனால் பழுது பார்ப்பதற்கும் ஓர் எல்லை வேண்டாமா? எத்தனை முறை சகித்துக்கொள்வது என்று நம் சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனில் 2015ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஒரு முறை பழுது பார்த்தோ மாற்றியோ கொடுத்த பின்னும் பொருள் சரியில்லையென்றால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். விற்றவருக்கு ஒரு வாய்ப்பு. அதற்கு மேல் இல்லை. இங்கும் அப்படி ஒரு விதி வந்தால் கடைக்காரருக்கும் நஷ்டமில்லை. முதல் முறையே நல்ல பொருளைப் பார்த்து அனுப்பும் பழக்கம் கம்பெனிகளுக்கு வந்துவிடும்.

புகார் மனுக்களை 3 மாதத்தில், சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் அது நீளும்போது ஏழைதான் முதலில் பின்வாங்குகிறான். மத்திய அரசு பிரிட்டனின் விதியை இங்கும் கொண்டுவருவதோடு, ஆணையங்களில் காலியிடமில்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தெலுங்கில் மனு எழுதத் தெரியாமல் தயங்கும் நம்மவர்களுக்கு, இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் அது விழா நடத்துவதைவிடப் பெரிய தொண்டாகும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?