கிருமி கொல்லும் ரோபோ பாண்டுப் படிக்கட்டில் ஏறுமா?

பாண்டுப் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி, குன்றை நோக்கி நடந்து பாருங்கள். ஒரு கட்டத்தில் ஆட்டோ போகும் ரோடு முடிந்து, வீடுகளுக்கு நடுவே செங்குத்தான படிகள் தொடங்கும். 2020-ல் கொரோனா பரவியபோது, தானாக நகரும் ரோபோக்களின் மேல் கிருமிநீக்கக் கருவிகளைப் பொருத்த உலகம் முழுக்கப் பொறியாளர்கள் முயன்றார்கள். அந்த ரோபோ இந்தப் படியில் ஏறுமா? சிரிக்க வேண்டாம். அடுத்த தொற்று வரும்போது பணத்தை எதில் போடுவது என்ற கேள்வியும் இதுதான்.

ரோபோ மேல் எதைப் பொருத்தினார்கள்?

முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, திரவம். 2020 ஏப்ரலில் டெல்லி எய்ம்ஸுக்குப் போன மிலாக்ரோ ரோபோ, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் தரையைத் துடைக்கும்.

இன்னொன்று, புற ஊதா விளக்கு. டிஆர்டிஓவின் ‘யுவி பிளாஸ்டர்’ கோபுரத்தில் 43 வாட் விளக்குகள் ஆறு. 12-க்கு 12 அடி அறைக்கு சுமார் 10 நிமிடம், 400 சதுர அடிக்கு 30 நிமிடம் என்று சொன்னார்கள். ஆனால் இது தானாகச் சுற்றி வராது. வெளியிலிருந்து போனில் இயக்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடி (நம்ம குரோம்பேட்டை எம்ஐடி இல்லை) அடுத்த படிக்குப் போனது. ஏவா ரோபாட்டிக்ஸின் நகரும் ரோபோ மேல் விளக்குகளைப் பொருத்தி, பாஸ்டன் உணவு வங்கியின் கிடங்கில் ஓடவிட்டது. அரை மணி நேரத்தில் 4,000 சதுர அடி.

அப்போ எம்ஐடி ரோபோ பத்து மடங்கு சிறந்ததா?

அவசரப்படாதீங்க. பரப்பளவோடு, எவ்வளவு கிருமி போகிறது என்றும் பார்க்க வேண்டும். எம்ஐடி சொன்னது, மேற்பரப்பில் உள்ள கொரோனா வைரஸில் 90%. அதாவது பத்தில் ஒன்று மிச்சம். கிருமியைக் கொல்வது ஒளியின் வலுவும் அது படும் நேரமும் சேர்ந்த அளவு. வேகமாக நகர்ந்தால் அளவு குறையும், தூரம் கூடினாலும் குறையும். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் நிழல் விழும் இடத்தில் பலன் மிகக் குறைவு. கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து என்பதால், வேலை நடக்கும்போது அங்கே ஆள் இருக்கவே கூடாது.

தாராவியில் இது சாத்தியமா?

சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர். பெரும்பாலானவர்களுக்குப் பொதுக் கழிப்பறைதான். அங்கே விளக்கைப் போட வேண்டுமானால், வரிசையில் நிற்கும் எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். 2020 ஏப்ரல் 1-ல் முதல் தொற்று உறுதியானபின், மாநகராட்சி நம்பியது மனிதர்களைத்தான்: வீடு வீடாகக் காய்ச்சல் பரிசோதனை, பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தனிமைப்படுத்தல், திரும்பத் திரும்பக் கழிப்பறைச் சுத்தம். ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார்.

இன்னொரு எண்ணும் முக்கியம். தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு, பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் சிடிசி சொன்னது. முக்கிய வழி காற்று. தரையை எவ்வளவு பளபளப்பாக்கினாலும், ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறை அப்படியேதான் இருக்கும்.

அப்போ ரோபோவே வேண்டாமா?

வேண்டும், சரியான இடத்தில். நோயாளி போனபின் காலியான வார்டுக்குள் முதலில் நுழைபவர் பெரும்பாலும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. சமமான தரை, மூடக்கூடிய கதவு, ஆள் இல்லாத அறை: ரோபோவுக்குத் தேவையான மூன்றும் அங்கே உண்டு. அவருடைய ஆபத்தை அது குறைத்தால் நல்ல முதலீடு. ஆனால் அழுக்கை அது துடைக்காது, அதனால் அவர் வேலையும் போகாது.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை சதவீதம் கிருமி? எந்த மாதிரித் தரை? யாருடைய ஆபத்து குறைகிறது? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அந்தப் பணத்துக்குப் பாண்டுப் படிக்கட்டில் ஏறிப்போகும் சுகாதாரப் பணியாளருக்கு நல்ல மாஸ்க்கும் ஒழுங்கான சம்பளமும் கொடுக்கலாம்.