பின்வாசல் சாவி யாரிடம்?

போன ஆடி வெள்ளியன்று எங்கள் நகரியத்துக் கோயில் ஒன்றில் (பெயர் வேண்டாம், எங்கும் இதே கதைதான்) கூட்டத்தில் மூச்சு முட்டிப் பின்வாசல் பக்கம் போனேன். பூட்டு. "சாவி யாரிடம்?" என்றேன். "குமாஸ்தாகிட்ட சார், சாப்பிடப் போயிருக்கார்" என்றார் ஒரு தொண்டர். நானும் குமாஸ்தாவாக இருந்தவன்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போகும் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. சுவரில் தீயணைப்பான் ஒன்று இருந்தது. அதன்மேல் யாரோ ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

நிர்வாகியிடம் சொன்னேன். "அம்மன் பாத்துக்குவா, விடுங்க" என்றார்.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலிலும் சாமி இருந்தார் ஐயா! குடமுழுக்கு யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர் போனார்கள். 1992 மகாமகத்தில் நெருப்பே இல்லை, நெரிசல் ஒன்றே போதுமானதாக இருந்தது. 2022 ஏப்ரலில் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர். இவர்களெல்லாம் பக்தி குறைந்தவர்களா?

சீக்கியர்களைப் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 5, ஞாயிறு காலை, அமெரிக்காவில் ஓக் கிரீக் குருத்வாராவில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து ஆறு பேரைக் கொன்றான். லங்கர் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் சாமான் அறையில் பதுங்கித் தப்பினார்கள். அங்குள்ள சீக்கிய அமைப்புகள் இன்று குருத்வாராக்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கின்றன. அதற்காக வருகிறவர்களை விரட்டவில்லை. யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அவர்கள் பொற்கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல். நமக்கும் பெரிய கோயில்களில் நான்கு கோபுர வாசல் உண்டு. பல ஊர்களில் மூன்றைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

நெய்வேலியில் உட்கார்ந்து இதை எழுதுவதுதான் எனக்கு வெட்கம். ஹெல்மெட் இல்லாமல் சுரங்கத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததை இங்கே மறந்தவர் யார்? ஷிஃப்டில் பாதுகாப்பு பேசுகிற அதே மனிதர், சாயங்காலம் வேட்டி கட்டிக் கமிட்டியில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் அம்மன் தலையில் கட்டிவிடுகிறார்.

நான் கேட்பது லட்ச ரூபாய்க் காரியமில்லை. விழா நாளில் எல்லா வாசலும் திறந்திருக்கட்டும். தீயணைப்பு நிலையத்தில் எழுதிக்கொடுத்து, பத்துத் தொண்டர்களுக்கு ஒரு நாள் பழகிக்கொடுக்கச் சொல்லட்டும். கீற்றுப் பந்தலுக்கு அடியில் அடுப்பு மூட்டாமல் இருக்கட்டும். முட்டிவலிக்காரர்கள் எந்த வழியாக வெளியேறுவது என்று ஒருவராவது யோசிக்கட்டும். கூட்டத்தில் பாதி நாம்தானே!

கமிட்டிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். அடுத்த ஆடி வெள்ளிக்கும் போவேன். முதலில் பின்வாசலுக்கு, அப்புறம்தான் சன்னதிக்கு.