இழைத்தாள்

சென்ற தவணை மொழிபெயர்ப்புப் பயிற்சியில் 'வீவ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. ஓலைப்பெட்டி செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிய பந்தி. நான் 'இழைத்தாள்' என்று எழுதினேன். சிவப்பு மையால் வெட்டி 'நெய்தாள்' என்று திருத்தப்பட்டிருந்தது. ஒரு புள்ளி போயிற்று. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன் என்பதை மறைக்கவில்லை.

நெய்வதற்குத் தறி வேண்டும், பாவும் ஊடையும் வேண்டும். மருதமுனையில் நெய்கிறார்கள். புங்குடுதீவில் ஓலையை யார் நெய்தார்?

என் உம்மம்மா நயினாதீவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர். இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம், குறிகட்டுவானில் படகேறுமுன் புங்குடுதீவில் இருக்கும் தன் பழைய சிநேகிதியைப் பார்க்காமல் வரமாட்டார். விடுமுறையில் நானும் போனேன். அந்த ஆச்சி திண்ணையிலிருந்து சார்வோலையில் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார்.

"நெய்யிறீங்களோ ஆச்சி?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"நெய்யிறதுக்கு இதென்ன சீலையே பிள்ளை?"

அவருக்குப் பாயும் பெட்டியும் இழைப்பது, கிடுகும் தலைமயிரும் பின்னுவது, வீடு மேய்வது, கிழிந்த வலை பொத்துவது. உம்மம்மாவுக்கும் அப்படியே. புத்தளத்தில் வளர்ந்த என் உம்மாவுக்கோ எல்லாமே 'பின்னுதல்'தான். ஒரே தலைமுறையில் இவ்வளவு!

ஆங்கிலத்தில் நாங்கள் எவ்வளவு கவனம்! துணி நெய்ததற்கு இறந்தகாலம் 'வோவ்'. வாகனங்களுக்கிடையே வளைந்து வளைந்து போனதற்கு 'வீவ்ட்'. முன்னது பழைய ஆங்கிலச் சொல், பின்னது வடமொழியல்ல, நோர்ஸ் மொழியிலிருந்து வந்ததென்று கருதப்படுவது. இதையெல்லாம் பாடமாக்குகிறோம். நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூல் நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. பஞ்சை நூற்பார்கள், நூலை நெய்வார்கள் என்று அங்கேயும் வேலைக்கொரு வினை உண்டு.

எல்லா ஊர் மாணவருக்கும் விளங்கும் பொதுத்தமிழ் பரீட்சைக்குத் தேவை என்பார்கள். ஏற்கிறேன். ஆனால் 'இழைத்தல்' கொச்சையல்ல. அகராதியிலேயே இருக்கிறது. ஓலைக்கு அதுவே சரியான சொல். பிழையென்று வெட்டினால் அடுத்த முறை எந்தப் பிள்ளை எழுதும்?

ஆச்சி தந்த நீத்துப்பெட்டி எங்கள் குசினியில் தொங்குகிறது. அடுத்த தவணை அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோய், திருத்தியவரிடம் காட்டி, இதை என்ன செய்தார்கள் என்று மரியாதையாகக் கேட்கப்போகிறேன்.