தோற்ற ஆட்டத்தை அழிக்கலாமா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

"கணினியில் விளையாடுகிறவன் காலத்தைக் கொல்லுகிறான்" என்று வகுப்பிலும் விடுதியிலும் அடிக்கடி கேட்கிறோம். இதற்கு மறுப்பு எழுத நான் வரவில்லை. காலத்தைக் கொன்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் விளையாட்டுக்கும் ஒரு நேர்மை உண்டு. அதைக் கைவிட்டவன் எத்தனை ஆண்டு ஆடினாலும் தேறமாட்டான். இது நான் பட்டு அறிந்த உண்மை. அதைத் தோழர்கள் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நான் ஆடியது 'தி பேட்டில் ஃபார் வெஸ்னோத்' என்னும் போர் விளையாட்டு. டேவிட் ஒயிட் என்பவர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட இதனைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். விலை கிடையாது. என் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியிலேயே நன்றாக ஓடிற்று. சதுரங்கம் போல இருவரும் மாறி மாறி ஆடவேண்டும். களம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். அவற்றில் காடு, மலை, சிற்றூர், கோட்டை என்று பலவகை நிலங்கள். சிற்றூரைப் பிடித்தால் பொன் வரும். பொன் இருந்தால் வீரரைச் சேர்க்கலாம்.

சதுரங்கத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சதுரங்கத்தில் குதிரை வெட்டினால் காய் விழுந்தே தீரும். இங்கே ஈட்டிக்காரன் மூன்று முறை குத்துவான். எதிரி கோட்டைக்குள் நின்றால் ஒவ்வொரு குத்தும் படுவதற்கு 100-க்கு 40 வாய்ப்புத்தான். மூன்றும் தவறிப்போவது ஐந்தில் ஒரு தடவைக்கு மேல் நடக்கும். தாயக்கட்டை உருட்டுவது போலத்தான்.

இந்தத் தாயக்கட்டைதான் என்னைக் கெடுத்தது. ஆட்டத்தை எந்த இடத்திலும் சேமித்து வைக்கலாம். ஒரு குத்து தவறினால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடியும் குத்தலாம். இளவரசன் கான்ராட் இழந்த அரியணையை மீட்கும் நெடுந்தொடர் ஒன்று அதில் இருக்கிறது. அதை எளிய நிலையில் இப்படியே ஆடி முடித்தேன். என் வீரர்களில் ஒருவன்கூடச் சாகவில்லை; செத்தபோதெல்லாம் நான்தான் காலத்தைப் பின்னுக்குத் திருப்பிவிட்டேனே! விடுதியில் பெரிய தளபதி போல நடந்துகொண்டேன்.

ஒருநாள் பக்கத்து அறைத் தோழன், "வா மாப்ளே, நாம ரெண்டு பேரும் ஆடலாம்" என்று அழைத்தான். நான் மனிதப் படையை எடுத்தேன். அவன் ஓர்க் என்னும் முரட்டுப் படையை எடுத்தான். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஆட்டத்தைத் திருப்ப முடியாது. இரவு வேளையில் அவனுடைய கோட்டையைத் தாக்கினேன். பொழுது விடிவதற்குள் என் படையில் பாதி அழிந்துவிட்டது.

"எல்லாம் அதிர்ஷ்டம்டா, ஒண்ணுகூடப் படலை" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டத்தின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து காட்டினான். நாம் கொடுத்த அடி எவ்வளவு, வாய்ப்புக் கணக்குப்படி கொடுத்திருக்க வேண்டிய அடி எவ்வளவு என்று அதில் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதிர்ஷ்டம் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நான்தான் மோசமாக ஆடியிருந்தேன். அன்று அறைக்குத் திரும்பியபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் தோல்வியால் வந்ததன்று. இத்தனை நாள் என்னையே நான் ஏமாற்றியிருக்கிறேன் என்பதால் வந்தது.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஈட்டிக்காரனின் ஒரு குத்துக்கு வலிமை 7. மனிதப் படை பகலுக்குரியது. பகலில் அது 9 ஆகும், இரவில் 5 ஆகக் குறையும். ஓர்க் படைக்கு இரவுதான் பலம். இரவில் கோட்டைக்குள் நிற்கும் ஓர்க் வீரனை இரண்டு ஈட்டிக்காரர் தாக்கினால், ஆறு குத்துக்கும் சேர்த்துச் சராசரியாக 12 உயிர்ப்புள்ளி போகும். அவனுக்கு இருப்பதோ 38! அதே வீரன் பகலில் புல்வெளியில் நின்றால் 100-க்கு 60 வாய்ப்பு. அதே இருவர் குத்தினால் 32 புள்ளி போகும். ஆள் ஒன்றே, ஈட்டியும் ஒன்றே. காலமும் இடமும் மாறியதால் 12 என்பது 32 ஆகிறது. இதற்கு அதிர்ஷ்டம் எதற்கு?

அப்படியானால் எளிய நிலையில் இதே இரவுத் தாக்குதல் எனக்கு எப்படி வெற்றி தந்தது? நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை வென்றிருப்பேன். நான்கு தோல்வியையும் அழித்துவிட்டதால் வெற்றி மட்டும் நினைவில் நின்றது. தவறான ஆட்டத்தையே சரியான ஆட்டமென்று மனம் பாடம் செய்துகொண்டது. மீண்டும் ஆடும் வசதியில் இருக்கும் பெருந்தீங்கு இதுதான்.

பிறகு அதே தொடரைக் கடினமான நிலையில் தொடங்கினேன். அங்கே எதிரிக்குப் பொன் அதிகம். ஆனால் குத்துப் படும் வாய்ப்பில் மாற்றமில்லை. எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: ஒரு குத்து தவறியதற்காக ஆட்டத்தைத் திருப்பக் கூடாது. ஒரு போர் முழுவதும் தோற்றால் அந்தப் போரை முதலிலிருந்து ஆடலாம்.

முதல் போரிலேயே மூன்று முறை தோற்றேன். அதன் பிறகுதான் கண் திறந்தது. ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் "இது தவறினால் என்ன ஆகும்?" என்று கேட்கப் பழகினேன். மந்திரவாதியின் அடி எந்த நிலத்திலும் 100-க்கு 70 வாய்ப்புடையது. ஆனால் அவன் மெலிந்தவன். அவனை முன்னால் அனுப்பினால் அவனுக்குப் பின்னால் யார் நிற்பது என்று முதலில் பார்த்தேன். கணினி ஆடும் எதிரி பொறுமையற்றவன். நாம் நல்ல நிலத்தில் நின்றால் அவன் கெட்ட நிலத்துக்கு வந்து மோதுவான். இரவில் பின்வாங்கிச் சிற்றூர்களில் காயம் ஆற்றிக்கொண்டு, விடிந்ததும் திருப்பித் தாக்கினேன். பின்வாங்குவது கோழைத்தனம் என்று நினைத்திருந்த எனக்கு, அது ஆட்டத்தின் பாதி என்று விளங்கிற்று.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் வகுப்பில் அவற்றை மதிப்பெண்ணுக்காகப் படித்தவன் நான். காக்கையும் கூகையும், முதலையும் நீரும் எனக்கு உண்மையாகப் புரிந்தது இந்த ஆட்டத்தில் தோற்ற பிறகுதான். தமிழாசிரியர் மன்னிப்பாராக!

"பொழுதுபோக்குக்கு ஆடுவதில் இத்தனை கட்டுப்பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். களைப்பாற ஆடுகிறவர் எப்படியும் ஆடட்டும். திரும்பிப்போய் வேறொரு நகர்வைச் சோதித்துப் பார்ப்பதையும் நான் குறை கூறமாட்டேன், அது படிப்பு. அதே நகர்வை வைத்துக்கொண்டு நல்ல தாயம் விழும்வரை உருட்டுவதைத்தான் கூடாது என்கிறேன். அப்படி ஆடுகிறவர் வெல்லலாம், தேறமுடியாது.

இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் தவறியபோது, "கேள்வித்தாள் கடினம்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஆட்டத்துக்குப் பிறகு வாங்கிப் பார்த்தேன். இரண்டு கேள்விகளுக்குக் கேட்டதை விட்டுத் தெரிந்ததை எழுதியிருந்தேன். அடுத்த பருவத்தில் அந்தத் தாளில் தேறினேன்.

கடின நிலையில் அந்தத் தொடரையும் முடித்துவிட்டேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பெயர் உண்டு. முதல் போரில் என்னுடன் புறப்பட்டவர்களில் இறுதிவரை வந்தவர் நால்வரே. மற்றவர்கள் என் பிழையால் வீழ்ந்தவர்கள். அவர்களை நான் திருப்பி எழுப்பவில்லை. எளிய நிலையில் ஒருவரும் சாகாமல் பெற்ற வெற்றி எனக்கு மறந்துவிட்டது. இந்த வெற்றியில் எந்த வீரன் எங்கே, எதனால் வீழ்ந்தான் என்பதை இன்றும் என்னால் சொல்லமுடியும்.

தோழர்களே, விளையாடுங்கள், ஆனால் தோற்ற ஆட்டத்தை அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.