கணக்கில் வராத 27

'திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது தம்பி' என்று அறிவுரை கேட்காத நம் பிள்ளைகள் குறைவு. அடுத்த முறை கேட்க நேர்ந்தால், 1930 ஆகஸ்டில் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸும் ஹோம்ஸ்டெட் கிரேஸும் மோதின. இரண்டுமே கறுப்பின வீரர்களின் தொழில்முறை அணிகள். மேஜர் லீக்கில் கறுப்பருக்கு அப்போது இடமில்லை. அதற்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. உரிமையாளர்களுக்குள் ஒரு 'புரிதல்' போதுமாக இருந்தது. ஊர்க்கட்டுப்பாடு தெரிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆட்டம் இரவில். மொனார்க்ஸ் அணி லாரிகளில் விளக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலம் அது. மேஜர் லீக் தன் முதல் இரவு ஆட்டத்தை ஆடியது 1935-இல்தான்!

கிரேஸுக்குப் பந்து எறிந்தவர் 'ஸ்மோக்கி' ஜோ வில்லியம்ஸ், நாற்பதைத் தாண்டியவர். மொனார்க்ஸுக்கு இளைஞர் செட் புரூவர். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸிலும் சமநிலை என்றால், யாராவது முந்தும்வரை ஆட்டம் நீளும். அன்று ஒன்பது முடிந்தது: 0-0. பத்து, பதினொன்று, அப்போதும் 0-0. பன்னிரண்டாவதில் சேனி வைட் அடித்த பந்தில் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் ஓடிவந்து ஒரே ஒரு ரன் எடுத்தார். கிரேஸ் வென்றது.

பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது ஸ்ட்ரைக் அவுட். புரூவர் எடுத்தது 19. வில்லியம்ஸ் 27. ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணி மொத்தமாக இழக்கும் அவுட்டுகளே 27தான். அந்த இரவு முழுக்க அவர் விட்டுக்கொடுத்த ஹிட் ஒன்றே ஒன்று.

உடனே ஒரு மறுப்பு வரும். விளக்கு மங்கல், பேட்டர்களுக்குப் பந்தே சரியாகத் தெரியவில்லை. பந்தை உப்புத்தாளால் சுரண்டினார்கள் என்ற பேச்சும் உண்டு. இருக்கட்டும், இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பேப் ரூத் 1927-இல் அடித்த 60 ஹோம் ரன்னுக்குப் பக்கத்தில் யாராவது அடிக்குறிப்பு போட்டார்களா? வில்லியம்ஸ் போன்ற ஒரு கறுப்பின பிட்சரைக்கூட லீக் ஆட்டத்தில் எதிர்கொள்ளாமல் எடுத்த சாதனை அது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே வரும்வரை மேஜர் லீக்கின் எல்லாச் சாதனைகளும் போட்டியாளர்களில் ஒரு பகுதியை வாசலில் நிறுத்திவைத்து எடுத்தவைதான். அதற்குப் பெயர் தகுதி. நம்முடையதற்கு மட்டும் 'சூழ்நிலை'. இடஒதுக்கீடு பற்றிய விவாதங்களில் இதே தராசைத்தானே தினமும் பார்க்கிறோம்?

இங்கேயும் அப்படித்தான். பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். 'இந்துக்கள்' அணியின் தலைமை கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை.

2020-இல் மேஜர் லீக் பேஸ்பால், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தரத்தவை என ஏற்றது. 2024-இல் புள்ளிவிவரங்களையும் சேர்த்தது. பேட்டிங் சராசரியில் டை காப்பை முந்தி ஜோஷ் கிப்சன் முதலிடம் வந்தார். நல்லதுதான், மகிழ்கிறோம். ஆனால் லீக் ஆட்டமாக இருந்தால்தான் கணக்கு. ஒதுக்கப்பட்டவர்கள் பணமில்லாமல், மைதானமில்லாமல் எத்தனை ஆட்டங்களை லீக்குக்கு வெளியே ஆடிப் பிழைத்தார்கள் என்பதை அந்த விதி கேட்பதில்லை. 1930-இல் கிரேஸ் எந்த லீக்கிலும் இல்லாத தனி அணி.

வில்லியம்ஸுக்கு 1999-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது, அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. புரூவருக்கு இன்னும் இல்லை. ஒரே ஆட்டத்தில் அதிக ஸ்ட்ரைக் அவுட் என்று மேஜர் லீக்கின் சாதனைப் பட்டியலைத் தேடினால் வருவது டாம் செனி, 1962, பதினாறு இன்னிங்ஸில் 21.